கடையில் சொல்லும் பெயரும் பெட்டிக்குள் இருக்கும் பொருளும்: கணினி வாங்கவும் திருத்தவும் போகும் புதியவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் கணினிக் கடைகளுக்கென்று ஒரு பேச்சு இருக்கிறது. முழுப் பெட்டியும் அங்கே 'சிபியூ'. படம் காட்டும் கார்ட் 'விஜிஏ'. ஃபோனுக்குள் போடும் மெமரி கார்ட் 'சிப்'. பென் டிரைவ் வெறும் 'பென்'. விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது 'ஃபோர்மட் அடிக்கிறது'. கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் இது விளங்குகிறது, பெரும்பாலான நாட்களில் ஒரு குறையும் இல்லாமல் வேலை நடக்கிறது. இந்தப் பெயர்களை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் சில இடங்களில் ஒரே பெயர் இரண்டு பொருளுக்கு நிற்கிறது. அங்கேதான் பொருந்தாத பொருளை வாங்கிக் காசு வீணாகிறது, சில வேளை வருடக்கணக்கில் சேர்த்த படங்கள் அழிந்தே போகின்றன. அந்த இடங்கள் எவை, அங்கே எதைப் பார்த்து எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை வரிசையாக எழுதுகிறேன். முதல் கணினி வாங்கப் போகிறவர்கள், வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்த கணினியை வைத்திருப்பவர்கள், கணினிக் கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் எல்லோருக்கும் இது உதவும்.

முதற்படி: பெட்டியைத் திறந்து பாருங்கள்

டெஸ்க்டொப் வைத்திருப்பவர்கள் இதிலிருந்து தொடங்குவது நல்லது. கணினியை முறையாக நிறுத்தி, சுவரில் உள்ள பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே எஞ்சிய மின்சாரமும் இறங்கிவிடும். பின்பக்கத்தில் இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் பக்கத் தகடு வழுக்கிக்கொண்டு வரும். உள்ளே கை வைக்குமுன் பெட்டியின் உலோகப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் அதன்வழி போய்விடும்.

உள்ளே அகலமாகப் பரந்திருக்கும் பலகை மதர்போர்ட். பாடப்புத்தகத்தில் தாய்ப்பலகை என்று படித்திருப்பீர்கள். மற்ற எல்லாம் அதில்தான் வந்து சேர்கின்றன. அதன் மேல் உலோகத் தகடுகளோடு ஒரு விசிறி இருக்கும். விசிறிக்குக் கீழே, ஏறக்குறைய 4 சென்றிமீற்றர் அகலத்தில் ஒரு சதுரச் சில்லு. உண்மையான சிபியூ அதுதான், புரோசசர் என்பதும் அதுவே. பார்க்கும் ஆசையில் விசிறியைக் கழற்ற வேண்டாம். இரண்டுக்கும் இடையில் வெப்பத்தைக் கடத்தும் பசை இருக்கிறது, கழற்றினால் பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும்.

புரோசசருக்குப் பக்கத்தில் நெட்டாக நிற்கும் ஒடுங்கிய பட்டிகள் ரேம். கட்டுக் கட்டாக வயர்கள் புறப்படும் உலோகப் பெட்டி பவர் சப்ளை. அதற்கென்று தனி விசிறி உண்டு. இவை எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் வெற்றுக் கூடு கேசிங்.

இப்போது 'அண்ணை, சிபியூ பழுது' என்ற வசனத்தை எடுத்துப் பாருங்கள். கேட்பவருக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியாது. பவர் சப்ளை எரிந்திருக்கலாம், ரேம் தளர்ந்திருக்கலாம். 'சிபியூ மாத்தித் தாங்கோ' என்பது அதைவிடச் சிக்கல். ஒருவர் சில்லை மட்டும் நினைப்பார், மற்றவர் முழுப் பெட்டியையும் நினைப்பார். இரண்டுக்கும் விலை வேறு. அதனால் பெட்டியைச் சொல்லும்போது 'முழுப் பெட்டியும்' என்றும், சில்லைச் சொல்லும்போது 'புரோசசர்' என்றும் சொல்லுங்கள். 'சிபியூ' என்ற சொல்லை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: மெமரி என்றால் எது என்று கேளுங்கள்

குழப்பத்தில் முதலிடம் இதற்குத்தான். கணினி வேலை செய்துகொண்டிருக்கும்போது கையில் எடுத்து வைத்திருக்கும் இடம் ரேம். மின்சாரம் போனால் அதில் இருந்தது எல்லாம் போய்விடும். படம், பாட்டு, ஆவணம் நிலையாக இருக்கும் இடம் சேமிப்பகம், அதாவது ஹார்ட் டிஸ்க் அல்லது சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி. நம்மவர்கள் இரண்டையும் மெமரி என்கிறார்கள். ஃபோன் பெட்டியில் 8/128 என்று போட்டிருந்தால் முதல் எண் ரேம், இரண்டாவது சேமிப்பகம். 'ஃபோன் மெமரி நிறைஞ்சிட்டுது' என்று சொல்லும்போது நிறைந்தது இரண்டாவது.

கணினி மெதுவாக ஓடுகிறது என்றால் எது குறைவு என்று நீங்களே பார்க்கலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபோமன்ஸ் பகுதிக்குப் போங்கள். வழமையாகப் பாவிக்கும் எல்லாவற்றையும் திறந்து வைத்த நிலையில் மெமரி எப்போதும் 90 வீதத்தைத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை. மெமரி பாதியில் நிற்க, டிஸ்க் மட்டும் நெடுநேரம் 100 வீதத்தில் நின்றால் சேமிப்பகம்தான் இழுக்கிறது. அதே பக்கத்தில் அது எச்டிடியா (சுழலும் ஹார்ட் டிஸ்க்) எஸ்எஸ்டியா என்றும் காட்டும். பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு என் உறுதியான கருத்து ஒன்று: சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டிக்கு மாற்றுவதுதான் முதலில் செய்ய வேண்டிய செலவு. ரேம், புரோசசர் எல்லாம் அதற்குப் பிறகு.

ரேம் வாங்குவதாக இருந்தால் '8 ஜிபி ரேம் ஒன்று' என்று கேட்பது போதாது. மூன்று விடயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். லப்டொப்புக்கா டெஸ்க்டொப்புக்கா என்பது முதலாவது. லப்டொப் பட்டி நீளத்தில் ஏறக்குறைய பாதி. எந்தத் தலைமுறை என்பது இரண்டாவது: டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5. பட்டியின் கீழ்விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும், ஒவ்வொரு தலைமுறைக்கும் அது வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது இறங்காது. இறங்கவில்லை என்று அழுத்திப் பார்க்காதீர்கள், மதர்போர்ட் உடையும். மூன்றாவது, போட இடம் இருக்கிறதா என்பது. டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்திலேயே எத்தனை இடத்தில் எத்தனை நிறைந்திருக்கிறது என்று இருக்கும். சில மெல்லிய லப்டொப்களில் ரேமை மதர்போர்ட்டோடு ஒட்டியே செய்திருப்பார்கள், அதில் ஒன்றும் கூட்ட முடியாது. வாங்குமுன் கேட்டுவிடுங்கள்.

எஸ்எஸ்டியிலும் ஒரு பொறி உண்டு. 'எம்.2 எஸ்எஸ்டி' என்று கேட்டு வாங்கிக்கொண்டு போய், போட்டபின் கணினி அதைக் காணவே இல்லை என்று திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். எம்.2 என்பது உருவம் மட்டும்: 22 மில்லிமீற்றர் அகலம், பெரும்பாலும் 80 மில்லிமீற்றர் நீளம். அந்த உருவத்துக்குள் சாட்டா முறையில் பேசுவதும் இருக்கலாம், என்விஎம்இ முறையில் பேசுவதும் இருக்கலாம். சாட்டா விநாடிக்கு 550 மெகாபைட் அளவோடு நின்றுவிடும், என்விஎம்இ அதைப் போலப் பல மடங்கு போகும். உங்கள் மதர்போர்ட் எதை ஏற்கும் என்று அதன் மொடல் எண்ணை வைத்துப் பார்த்தபிறகே வாங்குங்கள்.

இன்னொரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 500 ஜிபி என்று வாங்கியது விண்டோஸில் 465 என்று காட்டும், 1 டிபி வாங்கினால் 931. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. பொருள் சரியானதுதான்.

சி, டி டிரைவ் என்பதும் இதே வகை. பெயர் இரண்டு இருப்பதால் பொருளும் இரண்டு என்று நினைத்து, 'டியிலும் ஒரு கொப்பி வைச்சிருக்கிறன், பயமில்லை' என்பார்கள். பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் இரண்டும் ஒரே டிஸ்க்கைப் பிரித்து வைத்த பகுதிகள். டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். கொப்பி வேறொரு பொருளில் இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: 'ஐ5' என்பதோடு நிற்க வேண்டாம்

பாவித்த கணினி வாங்கும்போது அதிகம் கேட்கும் சொல் இது. ஐ5 என்பது ஒரு குடும்பப் பெயர், வயதைச் சொல்லாது. 2011 இல் வந்த ஐ5-2400 உம் ஐ5 தான், 2022 இல் வந்த ஐ5-12400 உம் ஐ5 தான். முதலாவதில் நான்கு கோர் (புரோசசருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதி), இரண்டாவதில் ஆறு, ஒவ்வொரு கோரின் வேகமும் வெகுவாகக் கூட. கோடுக்குப் பின்வரும் எண்ணைப் பாருங்கள். நான்கு இலக்கம் என்றால் பெரும்பாலும் முதல் இலக்கம் தலைமுறை, ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டு. ஐ5-8400 எட்டாம் தலைமுறை, ஐ5-10400 பத்தாம் தலைமுறை.

எட்டு என்ற எண்ணை நினைவில் வையுங்கள். இன்டெல் புரோசசர் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11 ஐ மைக்ரோசொஃப்ட் முறையாக ஏற்கிறது. விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. ஆகவே மலிவாகக் கிடைக்கிறதென்று நான்காம் தலைமுறை ஐ7 வாங்குவதிலும் எட்டாம் தலைமுறை ஐ3 வாங்குவது படிக்கிற பிள்ளைக்குப் பயன். விற்பவர் வாயால் சொல்வதை எழுதிக்கொண்டு வராதீர்கள். கணினியைப் போடச் சொல்லி, செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் என்ற பக்கத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். முழு எண்ணும் அங்கே இருக்கும்.

நான்காம் படி: விஜிஏ

விஜிஏ என்பது 1987 இல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கணினிகளோடு கொண்டுவந்த காட்சி முறை. அதன் 15 ஊசிப் போர்ட் (கேபிள் சொருகும் இடம்), பெரும்பாலும் நீல நிறத்தில், இன்றைக்கும் பழைய மொனிட்டர்களில் இருக்கிறது. நம் கடைகளில் அந்தப் பெயர் கிராபிக்ஸ் கார்ட் முழுவதற்கும் ஒட்டிக்கொண்டது. விளைவு, 'விஜிஏ இருக்கா?' என்ற கேள்விக்கு மூன்று பொருள் வரும்: கார்டா, போர்ட்டா, கேபிளா? கார்ட் வேண்டுமென்றால் 'கிராபிக்ஸ் கார்ட்' என்று கேளுங்கள். புதிதாக வரும் கார்ட்களில் அந்த நீலப் போர்ட் பெரும்பாலும் இல்லை. கையில் இருப்பது பழைய மொனிட்டர் என்றால் கார்டின் எச்டிஎம்ஐ போர்ட்டிலிருந்து விஜிஏக்கு மாற்றும் கொன்வேர்ட்டர் வேண்டும். திசையையும் சேர்த்துச் சொல்லுங்கள், மறுதிசைக் கொன்வேர்ட்டர் வேலை செய்யாது.

கார்ட் போட்டும் படம் வரவில்லை என்றால் கேபிள் எங்கே சொருகியிருக்கிறது என்று பாருங்கள். பின்பக்கத்தில் மேலே மதர்போர்ட்டின் போர்ட், கீழே கார்டின் போர்ட். கீழே உள்ளதில்தான் சொருக வேண்டும். இன்டெல் எண்ணின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால், ஐ5-12400எஃப் போல, அந்தப் புரோசசருக்குள் படம் காட்டும் பகுதியே கிடையாது. கார்ட் இல்லாமல் அதை வாங்கினால் மொனிட்டர் கறுப்பாகவே இருக்கும்.

ஐந்தாம் படி: எந்தப் பற்றரி, எந்தச் சார்ஜர்

'பற்றரி போட்டுது' என்று சொல்லும்போது மூன்றில் எது என்று சேர்த்துச் சொல்லுங்கள். லப்டொப்பின் பற்றரி எல்லோருக்கும் தெரியும். யூபிஎஸ் உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈயப் பற்றரி. இரண்டு மூன்று வருடத்தில் அது தளர்வது வழமை, பற்றரியை மட்டும் மாற்றலாம், யூபிஎஸ்ஸையே எறியத் தேவையில்லை. யூபிஎஸ் என்பது கரண்ட் போனதும் வேலையைச் சேமித்துக் கணினியை நிறுத்தச் சில நிமிடம் தருவதற்கு. 2022 இல் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை போனபோது மணிக்கணக்கில் மின்சாரம் தரும் இன்வேர்ட்டர் வேறு, யூபிஎஸ் வேறு என்று பலருக்கு விளங்கியது. லேசர் பிரின்டரை யூபிஎஸ்ஸில் போட வேண்டாம், அது இழுக்கும் மின்சாரத்தைச் சின்ன யூபிஎஸ் தாங்காது.

மூன்றாவது, மதர்போர்ட்டில் இருக்கும் நாணயம் போன்ற வட்டப் பற்றரி, சிஆர்2032. எண்ணே அளவைச் சொல்கிறது: 20 மில்லிமீற்றர் விட்டம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு. இது தீர்ந்தால் கணினியைப் போடும் ஒவ்வொரு முறையும் திகதி பழைய வருடத்துக்குப் போகும். அதனால் இணையத் தளங்கள் பாதுகாப்பில்லை என்று திறக்க மறுக்கும். வைரஸ் என்று நினைத்துக் கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடுமுன் திகதியைப் பாருங்கள்.

சார்ஜர் விடயத்தில் கொஞ்சம் நின்று கவனியுங்கள். லப்டொப் சார்ஜரின் அடியில் அவுட்புட் என்ற வரியில் 19 வோல்ட், 3.42 ஆம்பியர் போல எழுதியிருக்கும். இரண்டையும் பெருக்கினால் 65 வாட். புதியது வாங்கும்போது வோல்ட் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. முனை பொருந்துகிறது என்பது மட்டும் போதாது.

கனடாவிலிருந்து வந்த பொருள் என்றால் இன்புட் வரியையும் பாருங்கள். 100-240 என்று இருந்தால் பயமில்லை, பிளக்குக்கு ஒரு மாற்றி போதும். லப்டொப் சார்ஜர்கள் அநேகமாக அப்படித்தான். டெஸ்க்டொப் அப்படியல்ல. பழைய பவர் சப்ளைகளின் பின்பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்புச் சுவிட்ச் இருக்கும், ஒரு பக்கம் 115, மறுபக்கம் 230. கனடாவில் அது 115 இல் நின்றிருக்கும். நமக்கு 230 வோல்ட். மாற்றாமல் சொருகினால் அந்த நொடியே வெடிக்கும். பிளக்கைத் தொடுமுன் அந்தச் சுவிட்சைத் தேடுங்கள். பிரான்சிலிருந்தோ ஜேர்மனியிலிருந்தோ வந்த லப்டொப் என்றால் விசைப்பலகையில் எழுத்துகள் இடம் மாறியிருக்கும். அது பழுதல்ல, அந்த நாட்டு அமைப்பு. விண்டோஸ் மொழி அமைப்பில் அதற்குரியதைத் தெரிவு செய்தால் அச்சிட்டிருப்பதே திரையில் வரும்.

ஆறாம் படி: 'ஃபோர்மட்' என்று சொல்லுமுன்

இந்தப் பகுதியை மட்டும் வாசித்தாலும் எனக்குச் சந்தோஷம். ஃபோர்மட் என்றால் ஒரு டிஸ்க் பகுதியைத் துடைத்து வெறுமையாக்குவது. நீங்கள் கேட்க நினைப்பது அநேகமாக விண்டோஸைத் திரும்ப ஏற்றுவது. திருத்துபவர் இரண்டையும் சேர்த்தே செய்வார், ஏனென்றால் நீங்கள் கேட்டது அதைத்தான். அவர் மீது பிழை சொல்ல முடியாது.

'முக்கியமானது எல்லாம் டியிலதான் இருக்கு' என்று பலர் நம்பிச் சொல்கிறார்கள். ஆனால் திரையில் தெரியும் டெஸ்க்டொப் பக்கத்தில் வைத்தவை, டொக்யுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் வழமையில் சியில் இருப்பவை. பல்கலைக்கழகப் பிள்ளையின் ஆய்வுக் கட்டுரையும், அம்மாவின் கலியாணப் படமும் அங்கேதான் கிடக்கும். ஆகவே வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கொப்பி எடுத்து, அதை வேறொரு கணினியில் திறந்து பார்த்தபிறகு மட்டும் கடைக்குக் கொண்டுபோங்கள். கடையில் இப்படிச் சொல்லுங்கள்: 'தம்பி, விண்டோஸைத் திரும்ப ஏத்தோணும். ஃபைல் ஒண்டும் அழியக் கூடாது. அழிக்க வேண்டி வந்தா முதல் எனக்குக் கோல் எடுங்கோ.' விண்டோஸ் 10 இலும் 11 இலும் ரீசெட் என்ற வசதியில் உங்கள் ஃபைல்களை வைத்துக்கொண்டு மென்பொருள்களை மட்டும் நீக்கும் தெரிவு இருக்கிறது. அதைக் குறிப்பிட்டுக் கேட்கலாம்.

வைஃபைக்கு இரண்டு வரி போதும். ஃபோனுக்கும் ரவுட்டருக்கும் இடையில் இருப்பது வைஃபை, ரவுட்டரிலிருந்து வெளியே போவது இணையம். வைஃபை கோடுகள் முழுதாக இருந்தும் ஒன்றும் திறக்கவில்லை என்றால் பழுது வெளிப்பக்கத்தில் இருக்கலாம். ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்குச் சிவப்பாக எரிந்தால் ஃபைபர் சமிக்ஞை வரவில்லை. ரவுட்டரை மாற்றப் போகாமல் சேவை தருபவரை அழையுங்கள்.

ஏழாம் படி: பொருளின் பெயரை விட்டு நடந்ததைச் சொல்லுங்கள்

எந்தப் பெயர் சரி என்று தெரியாதபோது பெயரே வேண்டாம். கண்டதையும் கேட்டதையும் சொல்லுங்கள். 'அண்ணை, போட்டா விசிறி சுத்துது, லைட் எரியுது, திரையில ஒண்டும் வருதில்லை. நேற்று மழை நேரம் கரண்ட் போய் வந்தது, அதுக்குப் பிறகுதான் இப்படி.' இந்த இரண்டு வசனத்தில் திருத்துபவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். விசிறி சுத்துகிறதென்றால் பவர் சப்ளை முழுதாகச் சாகவில்லை, அடுத்து ரேமைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்ப்பார். பீப் சத்தம் கேட்டால் எத்தனை தரம், நீளமா குட்டையா என்று எண்ணி வையுங்கள், அதற்கும் பொருள் உண்டு. திரையில் எழுத்து வந்தால் ஃபோனில் படம் எடுங்கள். கடைசியாக என்ன புதிதாகப் போட்டீர்கள், என்ன சொருகினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். வயதான ஒருவர் வந்து 'சிபியூ' என்றால் அவரைத் திருத்த வேண்டாம். 'பெட்டியைச் சொல்றீங்களோ ஐயா?' என்று மரியாதையாகக் கேட்டு, வேலைச் சீட்டில் சரியான பெயரை நீங்கள் எழுதுங்கள். பத்துப் பேர் பார்க்கக் கூச்சப்பட்டவர் அடுத்த தரம் கேள்வியே கேட்காமல் காசைக் கொடுத்துவிட்டுப் போவார்.

எட்டாம் படி: லேபலும் பில்லும்

வாங்கப் போகுமுன் பழைய பொருளின் லேபலைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்: ரேம் பட்டி, சார்ஜரின் அடிப்பக்கம், லப்டொப்பின் அடியில் உள்ள மொடல் எண், யூபிஎஸ் பற்றரி. பிரின்டருக்கு மை வாங்கவும் இதே வழி. இங்க் பிரின்டரா டோனர் பிரின்டரா என்று தெரியாவிட்டாலும் மொடல் எண்ணைக் காட்டினால் போதும். நெடுந்தீவிலிருந்து படகேறி வருபவருக்குப் பொருந்தாத பொருளோடு திரும்பிப் போவது ஒரு முழு நாள் நட்டம்.

பில்லில் 'ரேம் 1', 'ஹார்ட் 1' என்று மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள். தயாரிப்பாளர், கொள்ளளவு, டிடிஆர்4 அல்லது என்விஎம்இ போன்ற வகை, சீரியல் எண், வொரண்டிக் காலம் எல்லாம் எழுதச் சொல்லுங்கள். பில்லில் உள்ள சீரியல் எண்ணும் பொருளில் உள்ளதும் ஒன்றா என்று கடையில் நின்றே ஒப்பிடுங்கள். கடையின் வொரண்டி ஸ்டிக்கரைக் கிழிக்க வேண்டாம். பில்லின் எழுத்துக் காலப்போக்கில் மங்கும், அதையும் அன்றைக்கே படம் எடுத்து ஃபோனிலும் ஈமெயிலிலும் போட்டு வையுங்கள்.